பதினோரு மணி வெயில்

நேற்று மாமல்லபுரத்தில் 240 படம் எடுத்தேன். தேறியது நான்கு.

விடியற்காலைப் பொன்வெயில்தான் படத்துக்கு நல்லது என்று நம்பி, இருட்டோடு கிளம்பிப் போனவன் நான். அர்ஜுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. உதித்த சூரியன் நேராக முகத்தில் அடிக்க, நிழலே விழவில்லை. அதில் செதுக்கிய அத்தனை பெரிய யானைகூடத் தட்டையாகத் தெரிந்தது. சலித்துப்போய் இட்லி, இளநீர் எல்லாம் முடித்துப் பதினோரு மணி வாக்கில் திரும்பினால், மேலேறிய வெயில் பாறையை உரசிக்கொண்டு இறங்குகிறது. ஒற்றைக்கால் தவசியின் விலா எலும்பை எண்ணலாம். யானையின் காலடியில் கைதூக்கித் தவமிருக்கும் கள்ளப் பூனைக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மகிஷாசுரமர்த்தினி குகையில் வேறு சிக்கல். உள்ளே இருட்டு, வாசலில் கண்கூசும் வெளிச்சம். வாசல் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, ரா ஃபைலாக எடுத்து, வீட்டில் லைட்ரூமில் நிழலை மட்டும் தூக்கினேன். இருட்டுக்குள் விவரம் ஒளிந்திருக்கும். முழுதாக வெளுத்துப்போனதில் ஒன்றும் மிஞ்சாது.

கடற்கரைக் கோயிலைத்தான் கெடுத்துவிட்டேன். கிளாரிட்டியை இழுத்த இழுப்பில், 1,300 வருட உப்புக்காற்று மழுக்கிய கல் நேற்று உளி பட்டதுபோல முறைத்தது. எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சாய்ந்திருந்த கடலை மட்டும் நிமிர்த்தினேன்.

பூனை முதல் கமெண்ட்டில்.