தோசையும் ஒரு 'ஏன்'-உம்

பிளேஸ்மென்ட் சீசன்ல யாராவது வந்து "பாசிட்டிவா இரு மச்சி"ன்னு சொன்னா உங்களுக்கும் எரிச்சல் வருதா? எனக்கும்தான். ஆனா பாசிட்டிவ் சைக்காலஜி சொல்றது அது இல்லைங்க.

மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய பயிற்சி உண்டு. ஒரு வாரம், தினமும் ராத்திரி, அன்னைக்கு நல்லபடியா நடந்த மூணு விஷயத்தை எழுதணும். பக்கத்துலயே அது ஏன் நடந்துச்சுன்னும் எழுதணும். பலன் ஆறு மாசம் வரைக்கும் தெரிஞ்சதாம். என்னைக் கேட்டா, விஷயமே அந்த 'ஏன்'லதான் இருக்கு.

நாலாவது கம்பெனியும் என்னை எடுக்காத அன்னைக்கு நோட்ல எழுத ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது: "மெஸ்ல தோசை சூடா இருந்துச்சு." ஏன்? ரூம்மேட் எனக்காக வரிசையில நின்னான். அவனுக்கும் அன்னைக்கு ரிஜெக்ட். பேனாவைக் கீழ வெச்சுட்டு அவன் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

1979-ல் ஜான் கபாட்-ஜின் தொடங்கின மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில் ஒரு உலர்திராட்சையை மெதுவா, கவனிச்சுச் சாப்பிடச் சொல்வாங்க. நம்ம மெஸ்ல திராட்சைக்கு எங்க போக? போனைக் கவுத்து வெச்சுட்டு தோசையையே அப்படிச் சாப்பிடுறேன்.

வாரக்கணக்கா தூக்கமே இல்லைன்னா மட்டும் நோட்டை நம்பி உட்காராதீங்க. டெலி-மானஸ் 14416, இலவசம், ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.