நோட்டீசின் கடைசி வரி

மாட்டுவண்டில் சவாரி நோட்டீஸ் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீங்களா? மஞ்சள் இல்லாட்டி றோஸ் நிறத் தாள். மேலே பிள்ளையார் சுழி. "மாபெரும்" என்ற சொல் கட்டாயம் இருக்கும். நடுவில் இரண்டு சோடி மாடுகள் பாயிற படம், அதுக்குக் கீழே பரிசு விபரம், அதுக்கும் கீழே அனுசரணையாளர்களின் பெயர்கள், பக்கத்தில் கனடா, சுவிஸ், லண்டன் என்று அவையள் இருக்கிற நாடுகள். எல்லாம் முடிஞ்சு அச்சகத்தின் பெயர் வரமுதல் ஒரு சின்ன வரி: "இரத்ததான முகாமும் இடம்பெறும்."

அந்தக் கடைசி வரி நாங்கள்தான்.

எங்கட ஊர் வலிகாமத்தில் இருக்கு. சித்திரை வருசத்தை ஒட்டி வயல்வெளிப் பக்கத்துச் சவாரித் திடலில் போட்டி நடக்கும். திடல் நேராக ஓடுற ஒரு மண்பாதை. இரண்டு வண்டில்கள் ஒரேநேரத்தில் ஓடும், முந்தின சோடி அடுத்த சுற்றுக்குப் போகும். ஆடி ஓடி மூன்று நாள் நடக்கிற திருவிழாவுக்கு வராத சனம்கூட இதுக்கு வரும். நாங்கள் ஏழெட்டுப் பேர். கம்பஸ் முடிச்ச ஆக்கள், வேலைக்குப் போற ஆக்கள், இன்னும் ரிசல்ற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆக்கள். சவாரியை வேடிக்கை பார்க்கத்தான் போறனாங்கள். இரத்தம் கேட்டுப் போற எண்ணம் பிறகுதான் வந்தது.

எங்களில் ஒருத்தரின் அம்மாவுக்குப் புற்றுநோய். தெல்லிப்பழையில் சிகிச்சை. மருந்து ஏற்றின பிறகு இரத்தத்தில் பிளேட்லெட் இறங்கும். அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாத ஒரு கணக்கை அந்த நாட்களில்தான் படிச்சம். சிவப்பணுக்களை ஐந்தாறு கிழமைக்கு வைச்சிருக்கலாம். பிளேட்லெட்டை வைச்சிருக்கக்கூடியது ஐந்து நாள்தான். போன மாதம் ஆயிரம் பேர் குடுத்திருந்தாலும் இந்தக் கிழமை ஆரும் குடுக்காட்டி இல்லை என்றுதான் அர்த்தம். வருசப் பிறப்பு மாதிரி நீண்ட லீவு வந்தால் குடுக்கிற ஆக்கள் குறைஞ்சுபோவினம். இலங்கையில் 2014இல் இருந்து இரத்தம் முழுக்க முழுக்கக் காசு வாங்காத ஆக்களிட்ட இருந்துதான் எடுக்கப்படுது. பெருமைப்படவேண்டிய விசயம்தான். ஆனால் அதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு: சனம் தானாக வராட்டி வேற வழி இல்லை.

அந்த வைத்தியசாலைக்குள்ளேயும் ஒரு கதை இருக்கு. 2011இல் தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் ஆயிரக்கணக்கான ஆக்கள் சேர்ந்து நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தவை. நாடு முழுக்க நடந்து ஒரு கட்டடத்தை எழுப்பலாம் என்றால், நூறு யார் ஓடுற மாட்டைப் பார்க்க வாற சனத்திட்ட ஒரு பைன்ற் இரத்தம் கேட்க ஏலாதா என்று நினைச்சம். சனம் இருக்கிற இடத்துக்கு நாங்கள் போனால் சரி. அப்பிடித்தான் சவாரிக் குழுவிட்டப் போனம். அவையள் உடன ஓம் எண்டவை. நோட்டீசில் ஒரு வரி தந்தவை.

முதல் வருசம் நாங்கள் செய்ததெல்லாம் பிழை.

ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனம். பேஸ்புக்கில் போஸ்ரர் போட்டம். லைக் நல்லா விழுந்தது. இரத்த வங்கி ஆக்கள் காலமை ஒன்பது மணிக்கு வந்து கட்டில் விரிச்சிட்டினம். சவாரிச் சனம் வந்தது பின்னேரம் மூன்று மணிக்கு. வந்ததில் அரைவாசிப் பேர் கள்ளுக் கொட்டிலைத் தாண்டித்தான் வந்தவை. குடிச்சிருந்தால் எடுக்கமாட்டினம். மத்தியானம் சாப்பிடாமல் வெயிலுக்குள் நிண்ட ஆக்களிட்டையும் எடுக்கமாட்டினம். அடையாள அட்டை கேட்டால் "சவாரிக்கு ஆர் தம்பி ஐசி கொண்டு வாறது" என்டுறினம். எங்கட கூடாரத்தைத் தாண்டி ஒரு சோடி பாஞ்சு போனால் புழுதி எழும்பி, தாதி அக்கா வெள்ளைத் துணியால் எல்லாத்தையும் மூடிக்கொண்டிருந்தா. அண்டைக்கு மொத்தம் பதினொரு பேர். அதில் நான்கு பேர் நாங்கள்.

அடுத்த வருசத்துக்கு முதல் ஒரு சவாரிக்கார ஐயாவிட்டப் போனம். எழுபது வயசு தாண்டியிருக்கும். இப்ப ஓட்டுறதில்லை, பேரன்மார் ஓட்டுறாங்கள். நாங்கள் முகாமைப் பற்றிக் கதைக்கத் தொடங்க, அவர் கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"முதல்ல மாட்டைப் பாருங்கோ. பிறகு கதைப்பம்."

கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாயைப் பிரிச்சுப் பல்லுக் காட்டினார். பல்லைப் பார்த்துத்தான் மாட்டின் வயசு சொல்லுறது, வயசைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவில் ஓடவிடுறது என்று முடிவெடுக்கிறது. எள்ளுப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் எந்த அளவில் வைக்கவேணும், விடியப்புறம் எவ்வளவு தூரம் நடத்தவேணும் எல்லாம் சொன்னார். ஒரு மணித்தியாலம் போச்சுது. கடைசியில்தான், "சரி, இப்ப உங்கட ரத்தக் கதையைச் சொல்லுங்கோ" என்டார்.

சொன்னம். அவர் கேட்டது ஒரு கேள்விதான்: "அண்டைக்கே ஏன் வைக்கிறியள்?"

அந்த ஒரு கேள்வியில் முழு ஒழுங்கும் மாறிச்சுது. முகாமைச் சவாரிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, வாசிகசாலை மண்டபத்துக்கு மாத்தினம். காலமை, நிழல், புழுதி இல்லை. பொம்பிளையளும் கூச்சம் இல்லாமல் வரக்கூடிய இடம். ஓட்டோவையும் ஸ்பீக்கரையும் விட்டிட்டு, பத்துப் பதினைந்து கொட்டில்களுக்கு நாங்களே நடந்து போனம். ஐயா எங்களுக்கு முதலே சொல்லி வைச்சிருந்தார்: சோடி பதிய வாற ஒவ்வொரு வீட்டாலையும் இரண்டு பேர் ரத்தம் குடுக்க வரவேணும். அது கட்டளை இல்லை. ஆனால் அவர் சொன்னால் போகாமல் இருக்க ஆருக்கும் மனம் வராது. ஐம்பத்தெட்டுப் பேர் வந்தவை. முதல் முதல் குடுத்த பெடியன் ஒருத்தன் ஊசியைப் பார்க்காமல் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் அடுத்த நாள் முதலாம் பரிசு எடுத்த வண்டிலின் பின்னால் ஓடினவன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடிச்சிருந்தால் எங்களுக்கும் நல்லா இருந்திருக்கும்.

அடுத்த நாள் சவாரி முடிஞ்சு பரிசு குடுக்கேக்க எங்களையும் மேடைக்குக் கூப்பிட்டவை. வென்ற சோடிக்குப் பக்கத்தில் எங்கட பனரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு படம் எடுத்தம். இரவு வட்ஸ்அப்பில் படம் வந்தது. எங்களில் ஒருத்தி அதைப் பெருப்பிச்சுப் பார்த்து ஒரு இடத்தை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். பனரில் "உங்கள் குருதி ஓர் உயிர் காக்கும்" என்று சிவப்பெழுத்து. அதுக்குப் பக்கத்தில் வெள்ளை நாம்பனின் பின்தொடையில் நாலைந்து இடத்தில் இரத்தம் வழிஞ்சு காய்ஞ்சு கிடக்கு.

தடியின் நுனியில் ஆணி வைச்சுக் குத்துறது எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. சின்ன வயசில் இருந்து பார்த்தனாங்கள். பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. எங்கட பனருக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிஞ்சது.

அண்டிரவு சண்டை. "நாங்கள் விருந்தாளியள். வாயைத் திறந்தால் அடுத்த வருசம் ஐம்பத்தெட்டுப் பேரும் இல்லை" என்றான் ஒருத்தன். "அப்ப எங்கட வேலை என்ன? அவையளின்ர காயத்துக்கு மேல பனர் பிடிக்கிறதா?" என்றாள் அவள். இன்னொருத்தன் சட்டத்தைத் தேடி எடுத்துப் போட்டான். மிருகவதைத் தடைச் சட்டம் எங்கட நாட்டில் 1907ஆம் ஆண்டையது, அதில் இருக்கிற தண்டப்பணம் 100 ரூபா. இப்ப ஒரு பிளேன்ரீயும் வடையும் சாப்பிட்டாலே அந்தக் காசு முடிஞ்சிடும். அதை வைச்சுப் பொலிசுக்குப் போறது பகிடியாகத்தான் முடியும் என்று எல்லாருக்கும் விளங்கிச்சுது. எங்களுக்குள்ளேயே கேள்வியும் வந்தது: ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி வாங்க வரிசையில் நிக்கிற நாங்கள் மாட்டுக்காகக் கதைக்கலாமா? அதுக்கு இன்னும் எங்களிட்ட முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. எங்களுக்குச் சனத்தைத் தந்தது இந்தத் திடல். அந்தத் திடலின் பேர் எங்களால் நல்ல பேர் ஆகுது. அப்ப அங்கே நடக்கிறதில் எங்களுக்கும் பங்கு இருக்கு.

திரும்ப ஐயாவிட்டப் போனம். படத்தைக் காட்டினம். கோபிப்பார் என்று பயந்தம். அவர் கனநேரம் போனைப் பிடிச்சுப் பார்த்தார்.

"பழக்காதவனுக்குத்தான் பிள்ளையள் ஆணி வேணும். பழக்கினவனுக்கு நாணயக் கயிறும் குரலும் காணும்" என்டார். பிறகு, "ஆனா நான் பழக்கின மாட்டிலயும் என்ர கையால குத்தியிருக்கிறன். வெல்லவேணும் எண்டு நிக்கேக்க ஒண்டும் தெரியாது" என்டார்.

அவர் மூலம் குழுவிட்ட ஒரு யோசனை வைச்சம்: தடி இல்லாமல் ஓடுற ஒரு பிரிவு, பரிசு எங்கட பொறுப்பு. கூட்டத்தில் சிரிச்சவையும் இருந்தவை, எழும்பிப் போனவையும் இருந்தவை. வெளிநாட்டில் இருந்து ஒரு அண்ணை பரிசுக் காசு தாறன் என்றார். பிறகு தன்ர அப்பாவின் படம் பனரில் எவ்வளவு பெரிசாக வரும் என்று கேட்டார். சின்னனாகத்தான் வரும் என்று சொன்னம். அவர் தரேல்லை. நாங்கள் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று போட்டுச் சமாளிச்சம்.

போன வருசம் அந்தப் பிரிவில் ஆறு சோடி ஓடினது. ஒரு சோடி பாதித் தூரத்தில் நிண்டு கரைப்பக்கம் போய்ப் புல்லு மேயத் தொடங்கிச்சுது. சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. எங்களுக்கு வெக்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஐயாவின் பேரனின் சோடி வென்றது. மற்றப் பிரிவுகளில் ஆணி அப்பிடியே இருந்தது. முகாமுக்கு வந்த ஆக்கள் நாற்பத்தொன்பது. குறைஞ்ச ஒன்பது பேரும் ஏன் வரேல்லை என்று எங்களுக்குத் தெரியும். அவையளின் வீட்டுக்கு இப்பவும் போறம், மாட்டைப் பார்க்கிறம், கதைக்கிறம்.

இந்த வருசத்து நோட்டீசின் முதல் பிரதி போன கிழமை வந்தது. சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தவை. மஞ்சள் தாள், பாயிற மாடுகள், "மாபெரும்". கடைசி வரியில் நாங்கள். அந்த வரிக்கு மேலே, அதே சின்ன எழுத்தில், புதுசாக ஒன்று: "ஆணித் தடி பாவிப்பவர்கள் போட்டியிலிருந்து நீக்கப்படுவர்."

இதை எத்தனை பேர் வாசிப்பினம், வாசிச்சாலும் எத்தனை பேர் கேட்பினம், நீக்கவேண்டி வந்தால் குழு நீக்குமா என்று சொல்ல எங்களால் ஏலாது. சவாரி அண்டைக்கு முடிவுக் கோட்டில் இரண்டு பேர் நிண்டு பார்க்கிறதென்று மட்டும் தீர்மானிச்சிருக்கிறம்.

முதல் நாள் வாசிகசாலையில் முகாம். பதினெட்டு வயசு முடிஞ்சிருந்தால், ஐம்பது கிலோவுக்கு மேலே இருந்தால், கடைசியாகக் குடுத்து நான்கு மாதம் கழிஞ்சிருந்தால் வாங்கோ. காலமை வடிவாகச் சாப்பிட்டிட்டு வாங்கோ. ஐசியை மறக்காதேங்கோ. அடுத்த நாள் பின்னேரம் திடலுக்கும் வாங்கோ. முடிவுக் கோட்டில் பார்த்துக்கொண்டு நிக்க இரண்டு பேர் காணாது.