நாயகன் திரும்பாத ஊர்

முடிந்துபோன ஒரு வீடியோ கேமுக்கும் அடுத்து வரும் கேமுக்கும் நடுவே ஒரு கதை வேண்டும் என்று கேட்டால், என்னைப் போலச் சித்திரக்கதைக்குக் கதையும் காட்சிப் பிரிப்பும் எழுதுகிறவர் கையில் முதலில் கிடைப்பது தடைகளின் பட்டியல்தான். இவர் சாகக் கூடாது. அவர் கையை இழக்கக் கூடாது, அடுத்த பாகத்தில் இரு கையோடு வருகிறார். இந்த நகரம் எரியக் கூடாது. படித்து முடித்ததும் கதைக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று மலைப்பாக இருக்கும். மிச்சம் நிறைய இருக்கிறது என்பதை நான் கற்றது காமுய் ஃபுஜிவாரா வரைந்த ‘ரோட்டோவின் சின்னம்’ என்ற ஜப்பானிய மாங்காவில்.

எனிக்ஸ் நிறுவனம் 1991இல் தொடங்கிய ‘ஷோனென் கான்கான்’ மாத இதழில் முதல் இதழ் முதலே வந்த தொடர் அது. 1997இல் முடிந்தது; மொத்தம் 21 தொகுதிகள். கதை நிகழும் காலம் ‘டிராகன் குவெஸ்ட் 3’ கேமின் கதை முடிந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ‘டிராகன் குவெஸ்ட் 1’ தொடங்குவதற்கு முன். எண்கள் தலைகீழாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1986இல் வந்த முதல் கேமில் ரோட்டோ ஒரு பழங்கால வீரன், பெயர் மட்டும்தான். 1988இல் வந்த மூன்றாவதை ஆடி முடிக்கும்போதுதான், இவ்வளவு நேரம் நாம் நடத்திவந்த பிள்ளையே அந்த ரோட்டோ என்று தெரியவரும்.

அந்த முடிவில் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. 16ஆவது பிறந்த நாளன்று அம்மா எழுப்பி அரண்மனைக்கு அழைத்துப் போவதில் ‘டிராகன் குவெஸ்ட் 3’ தொடங்கும். ஊர் அலியாஹான். பிள்ளை உலகம் சுற்றி, கீழுலகமான ஆலெஃப்கார்டில் இறங்கி, அசுர அரசன் ஸோமாவை வீழ்த்துகிறான். உடனே மேலுலகத்துக்கான வழி மூடிக்கொள்கிறது. கீழே வெற்றி விழா. மேலே அம்மா இருக்கும் ஊருக்கு அவனால் திரும்ப முடியாது. கேம் அதைப் பற்றி அதிகம் பேசாமல் எழுத்துகளை ஓட்டிவிடும். சாகும் தறுவாயில் ஸோமா சொல்வதும் சாதாரணப் பேச்சல்ல: இருளிலிருந்து இன்னொருவன் எழுவான், அப்போது நீ உயிரோடு இருக்கமாட்டாய் என்கிறான்.

நாயகன் இல்லாத மேலுலகமும் நிறைவேறாத ஓர் எச்சரிக்கையும். மாங்காவுக்குக் கதை எழுதிய கவாமாட்டா சியாகி, காட்சி அமைத்த கொயானாகி ஜுன்ஜி, ஃபுஜிவாரா மூவரும் கைவைத்தது இங்கேதான். முதல் கேமின் கதை முழுவதும் ஆலெஃப்கார்டில் நடப்பதால், மேலுலகத்தில் என்ன நடந்தாலும் அதன் தொடக்கம் கெடாது. எந்த நாடும் அங்கே விழலாம், யாரும் சாகலாம். இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதி ஆட்கள். ரோட்டோவின் வழிவந்த இரு அரச குடும்பங்களில் இரு ஆண் பிள்ளைகள். ஆருஸ் நாயகனாக வளர்கிறான். ஜாகன் அசுரர் கையில் சிக்கி அவர்களின் அரசனாகிறான். இரண்டு கேமிலும் பெயர் வராத ஜாகன் திருந்துவானா, அழிவானா என்று கேமைக் கரைத்துக் குடித்தவருக்கும் தெரியாது. உலகம் பிழைக்குமா என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட கதையில், இவன் என்ன ஆவான் என்ற கேள்விதான் பக்கத்தைப் புரட்ட வைக்கும். அதோடு, மூன்றாவது கேமின் நாயகனுக்கு ஆடுகிறவரே பெயர் வைத்திருப்பார். அவனைக் கதையின் நடுவில் நிறுத்தாமல் வழித்தோன்றல்களை நிறுத்தியதில் வாசகர் மீதுள்ள மரியாதை தெரிகிறது.

ஓவியருக்கு வேறு சிக்கல். அந்தக் காலத்து டிராகன் குவெஸ்ட் சண்டையில் எதிரி மட்டுமே திரையில் நிற்பான். நம் ஆளின் உடம்பே தெரியாது, அடி விழுந்தது எழுத்தில்தான் வரும். ஃபுஜிவாரா அதற்கு உடம்பும் எடையும் கொடுத்தார். மந்திரங்களில் அவர்கள் செய்தது இன்னும் அழகு. மெரா என்றால் நெருப்பு, ஹ்யாடோ என்றால் பனி. பிள்ளைகளுக்கு இவை மனப்பாடம். மாங்காவில் இரண்டு மந்திரங்களை ஒன்றாகச் சேர்த்து ஏவுகிறார்கள். கேமில் இல்லாத சங்கதி, ஆனால் கேமின் விதியிலிருந்தே முளைத்தது. இப்படி முளைக்காத புதுமையை ஆடியவர்கள் ஏற்பதில்லை.

வேறு வழியும் உண்டு. செரிஸாவா நாவோகி 2012இல் வரையத் தொடங்கிய ‘பயோஹஸார்ட்: மார்ஹாவா டிசையர்’ மாங்கா, பயோஹஸார்ட் தொடரின் ஆறாவது கேமுக்கு முன்கதை. ஆறாவது கேமிலும் வரும் கிறிஸ் ரெட்ஃபீல்ட் மாங்காவில் சாகமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பயத்தை ஒரு பள்ளிக்கூடத்து மாணவிகள் மீதும் புது முகங்கள் மீதும் ஏற்றினார்கள். ஆனால் என்னை உலுக்கியது பியர்ஸ் நிவன்ஸ். மாங்காவில் கிறிஸின் பக்கத்தில் நிற்கும் இளைஞர், ஆறாவது கேமில் கிறிஸைக் காப்பாற்றி உயிர்விடுகிறார். மாங்கா படித்துவிட்டு ஆடினால் அந்தக் காட்சியின் கனம் கூடிவிடும். நடுக்கதை தன் பலனை அடுத்த கேமில் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் ‘ரோட்டோவின் சின்ன’த்தைத்தான் எடுப்பேன். கேமைத் தொட்டிராதவரும் அதை முதல் தொகுதியிலிருந்து தனிக் கதையாகப் படிக்கலாம். டிராகன் குவெஸ்ட் 3 புது வடிவில் 2024 நவம்பரிலும், 1உம் 2உம் 2025 அக்டோபரிலும் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் ரோட்டோவின் பெயர் எர்ட்ரிக். மூன்றை முடித்துவிட்டு மாங்காவைப் படியுங்கள், ஒன்றை அதன் பிறகு தொடங்குங்கள்.