ஒரு லோகோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலிருந்து ஏதாவது செய்து விற்கிறவர்களும், விற்க யோசிக்கிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள். படம் வரையத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம பக்கத்தில் ஒரு தாத்தா கறித்தூளும் மிளகுத்தூளும் அரைத்து விற்கிறார். கணவர் மௌத்தான பிறகு தொடங்கிய வேலை. பிள்ளைகளின் படிப்புச் செலவு அதில்தான் ஓடுகிறது. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஊருக்குள் மட்டும் விற்றார். பிறகு மாத்தளையில் ஒரு கடைக்காரர் தன் கடையில் வைத்துப் பார்க்கலாம் என்றார். கடைக்குப் போவதென்றால் லேபல் வேண்டும். ஓர் அச்சகத்தில் 500 ஸ்டிக்கர் அடித்தார். "லோகோ ஃப்ரீ" என்று அவர்களே ஒரு படமும் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் போகவில்லை. கடைக்காரர் கூப்பிட்டு, சாமானை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அதே படம், நிறம் மட்டும் வேறு, இன்னொரு மசாலாக் கம்பனியின் பாக்கெட்டில் இருந்திருக்கிறது. அவர்களுடைய விற்பனை ஆள் வந்து பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார்.

"நான் களவெடுக்கல்ல டீச்சர். அவங்க தந்தத ஒட்டினேன். இப்ப அந்தக் கடைக்காரர் என்னப் பத்தி என்ன நெனப்பார்?" என்று கேட்டார்.

ஸ்டிக்கர் காசு போனதை விட அவருக்கு வலித்தது இதுதான். தூள் நல்ல தூள். ஆனால் கடைக்காரரின் கண்ணில் அது போலிச் சாமான்.

லோகோ என்றால் அழகுக்கு ஒட்டும் படம் என்று பலர் நினைக்கிறோம். அது கையெழுத்து மாதிரி. 'இதைச் செய்தது நான்தான், குறை இருந்தால் என்னிடம் வா' என்று சொல்வது. எழுத்து வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையும் யானைப் படத்தைக் காட்டிச் சோடா கேட்கும். சிலோன் தேயிலைப் பாக்கெட்டில் வாளேந்திய சிங்கம் இருக்கிறதே, அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. நூறு வீதம் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்திருந்தால்தான் அந்தச் சிங்கத்தைப் போட அனுமதி. எங்கோ ஒரு நாட்டில் இருப்பவர் அதைப் பார்த்து நம்பி வாங்குகிறார்.

இது நம்ம ஊருக்குத் தெரியாத விஷயமல்ல. பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக இடம் விட்டது. 2018இல் புதிய நகரம் திறந்தார்கள். தெரு மாறியது, கட்டடம் மாறியது. இடம் மாறினாலும் கூட வருவது பலகையில் இருக்கிற பெயர்தான்.

சரி, இலவச லோகோ எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் கூகுளில் தேடி எடுத்த ஒரு படம். அதை யாரோ ஒருவர் வரைந்திருப்பார். நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்தவருக்குப் பதிவு எதுவும் இல்லாமலே பதிப்புரிமை வந்துவிடும். நாம் நிறத்தை மாற்றினால் அது நமதாகாது.

அடுத்தது கன்வா. அறிவித்தலுக்கும் அழைப்பிதழுக்கும் நல்ல சாமான், நானும் பாடசாலை வேலைக்குப் பாவிக்கிறேன். ஆனால் அதன் நூலகத்தில் இருக்கும் படங்கள் எல்லோருக்கும் பொது. அவற்றை வைத்துச் செய்த லோகோவை வியாபாரக் குறியாகப் பதிய முடியாது என்று அவர்களே நிபந்தனையில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ஏஐயும் வந்துவிட்டது. 'மலை, மிளகு, பச்சை நிறம்' என்று நாம் கேட்பதைத்தான் பக்கத்து ஊர்க்காரரும் கேட்பார். அவருக்கும் அதே சாயலில் ஒரு படம் வரும்.

நைக்கி சப்பாத்தில் இருக்கும் அந்த வளைந்த கோட்டை எல்லோரும் பார்த்திருப்போம். 1971இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்தது. அதற்கு அவர் வாங்கியது 35 டொலர். வேலை கொடுத்த பில் நைட், முன்பு அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பித்தவர். இதைச் சொல்லி, 'பாருங்க, உலக லோகோவே 35 டொலர்தான்' என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். மணித்தியாலத்துக்கு 2 டொலர் என்று பேசிய கணக்கின்படி அவருக்குக் காசு கிடைத்தது. கம்பனி வளர்ந்த பிறகு, 1983இல் அவரைக் கூப்பிட்டு, அந்தக் குறி பதித்த மோதிரமும் கம்பனிப் பங்குகளும் கொடுத்தார்கள். அந்த லோகோ மலிவு. ஆனால் யாரிடமும் சும்மா வாங்கியதுமல்ல, எங்கேயும் பார்த்து எடுத்ததுமல்ல.

தாத்தாவுக்கு லோகோ செய்ய நாங்கள் கொழும்புக்குப் போகவில்லை. என்னிடம் படித்து, உயர்தரத்தில் சித்திரம் எடுத்த ஒரு மகள் இருக்கிறாள். அவளைத் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் அவள் ஒன்றும் வரையவில்லை. தூள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நமது பக்கத்தில் லோகோ என்றால் நக்கிள்ஸ் மலையையும் ஒரு நீர்வீழ்ச்சியையும்தான் எல்லோரும் வரையச் சொல்வார்கள். மலை எல்லோருக்கும் சொந்தம். தேன் விற்பவரும் அதைத்தான் போடுவார், ஹோம்ஸ்டே நடத்துபவரும் அதைத்தான் போடுவார். தாத்தாவுக்கு மட்டும் உரியது எது?

அவர் மல்லியை மூன்று தரம் சுளகில் புடைத்து, கல்லும் மண்ணும் போன பிறகுதான் வறுப்பார். அவருடைய உம்மாவிடம் பழகிய வேலை. அந்தப் பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. ஒரு சுளகு, அதில் மூன்று மல்லி மணி. இருபது தரம் பென்சிலால் வரைந்து, கோடுகளைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கறுப்பு ஒரே நிறம். அதனால் ரப்பர் சீல் செய்து பிரவுன் பேப்பர் பையில் குத்தலாம். கலர் பிரின்ட் காசு மிச்சம்.

கடைசியில் இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அதைச் செய்தாள். அப்படிச் செய்தால் நெருப்புப்பெட்டி அளவிலும் கடைப் பலகை அளவிலும் படம் உடையாது. தமிழ் எழுத்துக்கு மீரா இனிமை, சிங்களத்துக்கு அபய லிப்ரே. இரண்டும் கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம், வியாபாரத்துக்கும் பாவிக்க அனுமதி உண்டு. வேலைக்கு ஐயாயிரம் ரூபா பேசினோம். தாத்தா இரண்டு தவணையில் கொடுத்தார். பழைய ஸ்டிக்கரை எல்லாம் கிழித்துவிட்டு, மாத்தளைக் கடைக்காரரிடம் நேரே போய் நடந்ததைச் சொன்னார். இப்போது பத்துப் பாக்கெட் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இனி லோகோ செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. காசு கொடுத்துவிட்டோம் என்பதால் மட்டும் உரிமை நம் கைக்கு வந்துவிட்டது என்று இருக்காதீர்கள். 'இது என் சொந்த வரைபு, இதன் உரிமையை இன்னாருக்குக் கொடுக்கிறேன்' என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள்.

2. வட்ஸ்அப்பில் வரும் படம் போதாது. எஸ்விஜி, பிடிஎஃப் கோப்புகளைக் கேட்டு வாங்கி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வையுங்கள்.

3. அச்சடிக்க முன்பு அந்தப் படத்தைக் கூகுளில் போட்டுத் தேடுங்கள். கடைகளுக்குப் போய் அதே வகைச் சாமான்களின் பாக்கெட்டுகளையும் பாருங்கள்.

4. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவது வேறு, லோகோவை வியாபாரக் குறியாகப் பதிவது வேறு. இரண்டாவது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தேன், தேயிலை, கோப்பி, மசாலா எல்லாம் 30ஆம் வகுப்பில் வரும். 'சுத்தமான தேன்', 'லக்கல மிளகு' என்று வகையையும் தரத்தையும் ஊரையும் மட்டும் சொல்லும் சொற்களை ஒருவர் தனக்கு மட்டும் என்று பதிய முடியாது. உங்களுக்கென்று ஒரு பெயர் வையுங்கள்.

5. ஹலால் சின்னம், எஸ்.எல்.எஸ். சின்னம் இவற்றைச் சான்றிதழ் எடுக்காமல் போடாதீர்கள். தேசியக் கொடியையும் அரச இலச்சினையையும் லோகோவுக்குள் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக ஒன்று. "மகன், சின்ன வேலதானே, சும்மா வரைஞ்சு தாங்க" என்று கேட்பதை நிறுத்துவோம். வட்ஸ்அப் குழுவில் போட்டி வைத்து, பத்துப் பிள்ளைகளிடம் வாங்கி, ஒன்றை எடுத்து ஒன்பதைத் தள்ளுவதும் அதே கதைதான். மேசன் பாஸிடம் 'முதல்ல சுவரக் கட்டுங்க, பிடிச்சா காசு தாறேன்' என்று சொல்வோமா? கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சும்மா வாங்கிப் பழகினால், அந்தப் பிள்ளையும் அவசரத்துக்குக் கூகுளில் ஒன்றை எடுத்துத் தந்துவிடும். பிறகு நாம்தான் கடை வாசலில் தலைகுனிந்து நிற்போம்.

கையில் காசு குறைவென்றால் வேலையைக் குறைத்துக் கேளுங்கள், கூலியைக் குறைக்க வேண்டாம். முதலில் ஒரு சீல் போதும். வியாபாரம் நடந்தால் லேபல், அதன் பிறகு பலகை.

வரையத் தெரிந்த பிள்ளைகள், லோகோ தேவைப்படுகிறவர்கள் இரண்டு பக்கமும் கீழே கொமண்டில் சொல்லுங்கள். சேர்த்து விடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.