எட்டும் மூன்றும்

கல்லில் ஒரு கோட்டைச் சேர்க்கலாம், வெட்டிய கோட்டை எடுக்க முடியாது. 3 என்று வெட்டியதை வேண்டுமானால் 8 ஆக்கலாம். 8 என்று வெட்டியதை 3 ஆக்க வழியில்லை. 2016 ஆனி மாதம், மயிலாடியில் ஒரு பட்டறைத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்த கல்லறைக் கல்லில், ஒரு பாட்டியின் பிறந்த ஆண்டு 1933 என்பதற்குப் பதில் 1938 என்று வெட்டியிருந்தது. வெட்டியது ஆசாரியின் கை. ஆனால் அந்த 8 என்னுடையது.

நான் சிற்பி அல்ல. சிலை செய்கிறவர்கள் நிறைந்த ஊரில், அவர்களுக்கு எழுத்து அமைத்துக் கொடுக்கிறவன். கோவில் உபயக் கல், சர்ச் அடிக்கல், பள்ளிக்கூடத் திறப்புவிழாக் கல், கல்லறைக் கல் எல்லாவற்றுக்கும் வாசகம் என்னிடம் வரும். கம்ப்யூட்டரில் இங்க்ஸ்கேப்பைத் திறந்து, கல்லின் அளவுக்கே எழுத்தை அமைத்து, ஏ4 தாள்களாக அச்சடித்து ஒட்டிக் கொடுப்பேன். ஆசாரி அதைக் கல்மேல் விரித்து, அடியில் கார்பன் வைத்து, எழுத்தின் ஓரத்தை இறக்குவார். அதற்கப்புறம் உளிதான். 1809-லேயே மிஷனரி ரிங்கல்தௌபே ஓர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர் இது. தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானத் தேதியும் இறந்த தேதியும் பார்த்துப் பழகியவர்கள், கல்லறைக்கு முன்னால் நின்றதும் முதலில் படிப்பது எண்களைத்தான்.

என் பெட்டி 2015 கடைசியில் வாங்கியது. விசிறியே இல்லாத சின்னப் போர்டு, இன்டெல் செலரான் ஜே1900 சிப், 2 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். அதில் உபுண்டு லினக்ஸ். லினக்ஸைக் காசுக்காக மட்டும் நான் எடுக்கவில்லை. என் பிழைப்புக்கான கருவி முழுக்க என் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

வாங்கிய முதல் மாதத்திலிருந்தே அது நின்று நின்று போனது. சுட்டி அசையாது, கடிகாரம் அப்படியே நிற்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். நாலைந்து மாதத்தில் அது அனிச்சையாகிவிட்டது. கல்தூசியோ என்று மூடியைக் கழற்றி ஊதினேன். ஆரல்வாய்மொழிக் காற்றில் கரண்ட் ஏறி இறங்குவதாலோ என்று யு.பி.எஸ். வாங்கினேன். மூன்று முறை உபுண்டுவை அழித்துப் புதிதாகப் போட்டேன். நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர் சொன்னார் என்று 4 ஜிபி ராம் வாங்கி மாட்டினேன். அதற்குப் பின்னும் நின்றது. "ராம் சரியில்லை" என்று கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய 2 ஜிபியையே மாட்டிக்கொண்டேன். அந்த ராமைத் திருப்பிக் கொடுத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. அது எப்படித் தவறானது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பாட்டியின் மகன் துபாயிலிருந்து போன் பண்ணினார். "ஆதார்ல 38-ன்னு கெடக்கு. அது சும்மா போட்டது. சர்ச் பதிவேட்டுல 33. அதான் சரி." திரையைப் பார்த்துக்கொண்டே 8-ஐ அழித்து 3 போட்டேன். அவர் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுச் சேமிக்கப் போனால் சுட்டி அசையவில்லை. வழக்கம்போலப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். பெட்டி மறுபடி வந்ததும் கோப்பைத் திறந்தேன், அச்சுக்குக் கொடுத்தேன். என் மனதில் அது திருத்திய கோப்பு. டிஸ்கில் இருந்தது பழைய கோப்பு.

கல் முடிந்து, ஊருக்கு வந்திருந்த மகன் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. விரலால் அந்த 8-ஐத் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். அச்சுத் தாள் அதற்குள் கிழிந்து தூசியோடு போயிருந்தது. ஆசாரி என்னைப் பார்த்துச் சொன்னார்: "கார்பன் எறக்கையில கை தவறியிருக்கும் மக்கா. கண்ணும் முன்ன மாதிரி இல்லல்லா."

நான் எதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே கோப்பைத் திறந்து பார்த்தேன், 1938 என்றுதான் இருந்தது. தெரிந்தும் மறுநாள் பகல் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உளி பிடித்த கை தன்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் காலையில் போய், "அண்ணே, தப்பு என் தாள்ல" என்றேன். அவர் உளியைக் கீழே வைத்தார். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். "முந்தாநாள் ராத்திரி" என்றேன். பதில் சொல்லாமல் மறுபடி உளியை எடுத்துக்கொண்டார். கல்லின் விலையை நான் கொடுத்தேன். அந்த இரண்டு நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதன்பிறகுதான் பெட்டியை ஒழுங்காகப் பார்க்க உட்கார்ந்தேன். வழி காட்டியது என் அக்கா மகள். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அவளிடம் இருந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் உண்டு. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, எப்பெப்ப நிக்கின்னு எழுதி வச்சிருக்கியளா?"

எழுதவில்லை. ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை.

ஒரு நோட்டு போட்டேன். நின்ற மணி, திறந்திருந்தவை, ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்ததா, கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு மாறியதா என்று குறித்தேன். அவள் மடிக்கணினியிலிருந்து என் பெட்டிக்குப் பிங் (நெட்வொர்க் வழியே 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளை) அனுப்பி, பதில் வந்ததா என்றும் எழுதினேன். ஒன்பது நாளில் பதினொரு வரி. படித்துப் பார்த்தபோது, நான் ஒரு நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு நோய் என்று தெரிந்தது.

ஏழு வரிகளில், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது, பிங்குக்குப் பதில் வந்தது. அந்த ஏழிலும் புகைப்பட வேலை ஓடிக்கொண்டிருந்தது. இறந்தவரின் படத்தையும் கல்லில் பொறிக்கக் கேட்கிறார்கள். அதை ஏ4 அளவில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு படமே நினைவகத்தில் 100 எம்பி பிடிக்கும். படம் திருத்தும் ஜிம்ப்பில் நாலு தடவை திருத்தினால் பழைய நிலைகளையும் அது வைத்துக்கொள்ளும். 2 ஜிபி நிரம்பியதும் லினக்ஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குத் தள்ளும். டிஸ்க், நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. பெட்டி சாகவில்லை, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஒருமுறை பட்டனைத் தொடாமல் காத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் தானே மீண்டது. லினக்ஸ் தன் நடப்பை எழுதிவைக்கும் சிஸ்லாக்கில் நினைவகம் தீர்ந்து ஒரு நிரலைக் கொன்றதாகக் குறிப்பும் இருந்தது.

மிச்ச நாலு வரிகள் வேறு மாதிரி. விளக்கு எரியவில்லை, பிங்குக்குப் பதில் இல்லை, கேப்ஸ் லாக் மாறவில்லை. ஆல்ட்டும் பிரிண்ட் ஸ்கிரீனும் சேர்த்துப் பிடித்து எஸ், யு, பி என்று வரிசையாகத் தட்டினால், லினக்ஸின் உட்கருவான கெர்னல் உயிரோடு இருக்கும்வரை டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதி முடித்துப் பெட்டியை மறுபடி தொடங்கும். அதற்கும் அசையவில்லை. சிஸ்லாக்கில் புகார் ஒன்றும் இல்லை. 11:42-க்கு ஒரு சாதாரண வரி, அடுத்த வரி நான் மறுபடி போட்ட நேரம். அந்த நாலு தடவையும் பெட்டிக்குப் பெரிய வேலையே இல்லை. நான் போனில் பேசிக்கொண்டோ, டீ குடித்துக்கொண்டோ இருந்திருக்கிறேன். சூடும் காரணமில்லை. சென்சார் 52 டிகிரிதான் காட்டியது, அந்தச் சிப்பின் எல்லை 105.

வேலையில்லாதபோது சாகிற பெட்டி என்ற தடயத்தைப் பிடித்துக்கொண்டு தேடினால் காரணம் நேராக வந்து நின்றது. ஜே1900, இன்டெலின் பே டிரெயில் வகை. வேலை இல்லாத நொடிகளில் சிப் மின்சாரம் மிச்சப்படுத்த, சி-ஸ்டேட் என்ற உறக்க நிலைகளில் படிப்படியாக இறங்கும். இந்த வகைச் சிப் லினக்ஸில் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விட்டுச் சில நேரம் திரும்பாமலே போனது. லினக்ஸ் கெர்னலின் பிழைப் பதிவேட்டில் 2015 இறுதியிலேயே 109051 என்ற எண்ணில் இது பதிவாகியிருந்தது. மாற்று வழியும் அங்கேயே இருந்தது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் இன்டெல் ஐடில் மேக்ஸ் சி-ஸ்டேட் என்பதை 1 என்று வைத்துவிட்டால் சிப் கண்ணயரும், ஆழ்ந்து தூங்காது. கரண்ட் கொஞ்சம் கூடும். 10 வாட் சிப்புக்கு அது பெரிய செலவே இல்லை.

அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் ஒரு கடையில் 4 ஜிபி ராம் மறுபடி வாங்கி மாட்டினேன். இந்தப் போர்டுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஆண்டுத் தொடக்கத்தில் ராம் மாட்டியபோதே பாதி நோய் தீர்ந்திருந்தது. மீதிப் பாதி பெட்டியை நிறுத்தியதால், தீர்ந்த பாதி என் கண்ணில் படவில்லை. நோட்டு இருந்திருந்தால் நிற்பது குறைந்தது தெரிந்திருக்கும். உறக்கச் சிக்கலை அப்போதே தேடியிருப்பேன். துபாய் போன் வந்த அன்று பெட்டி ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த மகன் தன் அம்மாவைப் பற்றிப் பேசிய அந்த நேரம்தான் பெட்டிக்கு வேலையில்லாத நேரம்.

உங்கள் பெட்டி நின்றால் பட்டனுக்குக் கை போவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பாருங்கள். மணியை எழுதுங்கள், விளக்கைப் பாருங்கள், இன்னொரு கருவியிலிருந்து பிங் அனுப்புங்கள். எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நோட்டில் பத்து வரி சேர்ந்தபிறகு யாரிடம் காட்டினாலும் உங்களுக்கு உதவ முடியும்.

இப்போது என் ஒவ்வொரு தாளின் மூலையிலும் கோப்பைச் சேமித்த தேதியும் மணியும் அச்சாகின்றன. வாசகம் கொடுத்தவர் அதன் கீழே கையெழுத்துப் போடாமல் ஆசாரி கார்பனை எடுப்பதில்லை.