கப்பலில் குடித்தனம்: கணக்கு எங்கே உதைக்கிறது?

மயாமி துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினால் மரியோ சல்செடோவால் நேராக நடக்க முடிவதில்லை. தரை ஆடுவது போல இருக்குமாம். மறுபடி கப்பலில் ஏறிவிட்டால் சரியாகிவிடும். நீண்ட கடல் பயணம் போய் வந்த பலருக்கும் ஓரிரு நாள் இப்படித் தலை சுற்றும், பிறகு போய்விடும். இவர் விஷயம் வேறு. 1997-ல் முதல் முறை ஏறியவர், அதன் பிறகு இறங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குக் கப்பலிலேயே குடித்தனம் நடத்துகிறார்.

கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் நிதித்துறை அதிகாரி. வேலைக்காக ஊர் ஊராகப் பறந்து அலுத்துப்போய், 1996-ல், 47 வயதில், போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் சொகுசுக் கப்பல்களில் ஏற ஆரம்பித்து, பல நிறுவனங்களின் கப்பல்களைப் பார்த்துவிட்டு, 2000 வாக்கில் ராயல் கரீபியன் என்ற ஒரே நிறுவனத்தில் நிலைத்துவிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். கப்பல் ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் 'சூப்பர் மரியோ'. 2018-ல் இவரைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் ஒரு குறும்படம்கூட வெளியிட்டது.

பணக்காரர் ஊர் சுற்றுகிறார், இதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மனிதர் தினமும் சுமார் ஐந்து மணி நேரம் வேலை பார்க்கிறார். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் மேஜை, மடிக்கணினி, 'சூப்பர் மரியோவின் அலுவலகம்' என்று ஒரு பலகை. பிறருடைய முதலீடுகளை நிர்வகிக்கும் வேலை. அந்த வருமானத்தில்தான் இந்த வாழ்க்கை. தங்குவது ஜன்னல்கூட இல்லாத உள்ளறையில், ஏனென்றால் அதுதான் விலை குறைவு. தூங்க மட்டும் போகிற இடத்துக்குக் கடல் எதற்கு?

இனி நடைமுறைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தொடர்ந்து ஓடும் ஒரே பயணம் மாதிரி தெரியும். உண்மையில் ஏழு நாள், ஏழு நாளாக ஒட்டுப்போட்ட துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிக்கெட், தனிப் பதிவு. வாரம் ஒருமுறை கப்பல் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும்போது எல்லோரும் இறங்கியாக வேண்டும். அடுத்த பயணத்துக்கும் அதே கப்பலில் இருப்பவர்களும் குடிநுழைவு அதிகாரிகள் முன் போய் நின்றுவிட்டு, கப்பல் காலியான பிறகுதான் திரும்ப ஏற முடியும். அடுத்த வாரத்துக்கு அதே அறை கிடைக்கவில்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும் (ஹேங்கரில் தொங்கும் துணியை மட்டும் ஊழியர்கள் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் புது அறையில் மாட்டிவிடுவார்கள்). அதனால் சல்செடோ மாதிரி ஆட்கள் ஒரே அறை எண்ணை வருஷக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். ரயிலில் கீழ் பெர்த்துக்கு அறுபது நாள் முன்னாடியே அடித்துக்கொள்பவர்களுக்கு இது புரியும் :-)

அடுத்த தலைவலி, தனியாகப் போவது. கப்பல் அறைக்கு விலை போடுவது இரண்டு பேர் தங்குவார்கள் என்ற கணக்கில். ஒருவர் மட்டும் தங்கினால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். கப்பலின் எரிபொருள், ஊழியர் சம்பளம், கடன் வட்டி எல்லாம் நிலையான செலவு. ஒரு கட்டில் காலியாக இருந்தால் மதுவிலும் சூதாட்ட மேஜையிலும் வரவேண்டிய இன்னொருவரின் பணமும் போச்சு. ஆனால் மனைவியை இழந்தவர், கணவரை இழந்தவர், திருமணமே செய்யாதவர் என்று அடிக்கடி கப்பல் ஏறுபவர்களில் தனி ஆட்கள்தான் எத்தனை பேர்!

அந்த எரிச்சலை ஆற்றத்தான் புள்ளிகள். ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. தனியாக முழு அறைக்கும் பணம் கட்டினால் இரண்டு. 80 புள்ளியில் டைமண்ட், 175-ல் டைமண்ட் பிளஸ், 700-ல் பினக்கிள். பினக்கிள்தான் உச்சி. அதாவது தனி ஆளுக்கு 350 இரவுகள். அங்கே போனவருக்கு முன்வரிசை நாற்காலி, தனி ஓய்வறை, கேப்டனோடு கைகுலுக்கல்.

இங்கேதான் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேடிக்கை. புள்ளி என்பது கிட்டத்தட்ட நிறுவனம் அச்சடிக்கும் நாணயம். நாணயம் அதிகமாகப் புழங்கினால் என்ன ஆகும்? முதலில் டைமண்ட் உறுப்பினர்களுக்கு மாலையில் ஓர் ஓய்வறையும் இலவச மதுவும் இருந்தது. டைமண்ட்கள் பெருகிப்போய் உட்கார இடமில்லை. பிறகு ஓய்வறை மதுவுக்குப் பதிலாக அறை அட்டையிலேயே நாளுக்கு நான்கு பானம் என்று ஏற்றிக் கொடுத்தார்கள். கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையில் மாலைதோறும் சந்தித்துக்கொண்ட முகங்கள் கலைந்துபோயின. பழைய பயணிகளின் முணுமுணுப்பைக் கேட்டால் குடியைவிட இந்தக் கூட்டம் போனதுதான் பெரிய வருத்தமாகத் தெரிகிறது.

மாறியது அது மட்டுமா? ஒரு காலத்தில் கடைசி இரவில் சிப்பந்திக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். 2013-ல் அது தினசரிக் கட்டணமாகிப் பில்லிலேயே ஏறியது, ஆளுக்கு 12 டாலர். 2023 நவம்பரில் அது சாதாரண அறைக்கு 18. நிமிடத்துக்கு முக்கால் டாலர் வரை கொடுத்து ஆமை வேகத்தில் இணையம் பார்த்த காலம் போய், 2022-23-ல் ஸ்டார்லிங்க் வந்தது. சல்செடோ போல வேலை பார்ப்பவர்களுக்கு இது வரம் (ஒரு விஷயம் ஏறுமுகமாக மாறியிருக்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்).

அப்புறம் கப்பலின் உடம்பு. 1988-ல் சாவரின் ஆஃப் த சீஸ் வந்தபோது சுமார் 73 ஆயிரம் டன், அதற்கே வாயைப் பிளந்தார்கள். 1999-ல் வாயேஜர் 1 லட்சத்து 37 ஆயிரம். 2009-ல் ஒயாசிஸ் 2 லட்சத்து 25 ஆயிரம். 2024 ஜனவரியில் கிளம்பிய ஐகான் கிட்டத்தட்ட 2 லட்சத்து 49 ஆயிரம் டன், நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள். கீழவீதியும் மேலவீதியுமாக ஒரு ஊர். இதில் பரிசாரகர் உங்கள் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது எப்படி?

செலவு? 2016 வாக்கில் சல்செடோவுக்கு வருஷத்துக்குச் சுமார் 70 ஆயிரம் டாலர் ஆனது. 2020-களில் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. 2004-ல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது: இருபது வருஷம் கப்பலில் வாழ்ந்தால் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் டாலர், முதியோர் இல்லத்தில் இருந்தால் 2 லட்சத்து 28 ஆயிரம். கிட்டத்தட்ட சமம், அப்புறம் எதற்கு முதியோர் இல்லம்? இந்தக் கணக்கு உலகம் முழுக்கப் பிரபலமானது.

அந்தக் கட்டுரை வருவதற்கு முன்பே ஒரு பெண்மணி அதை வாழ்ந்து காட்டிக்கொண்டிருந்தார். பெயர் பீட்ரிஸ் முல்லர், நியூஜெர்சிக்காரர். குவீன் எலிசபெத் 2 என்ற கப்பலில் கணவரோடு உலகம் சுற்றுவது வழக்கம். 1999-ல் கணவர் அந்தக் கப்பலிலேயே இறந்துபோனார். 2000-ல் இவர் அதிலேயே குடியேறிவிட்டார், எண்பது வயதில். மாதம் சுமார் 3,500 பவுண்டு. சாப்பாடு, துப்புரவு, கூப்பிட்ட குரலுக்கு மருத்துவர், மாலையில் நடனம், சீட்டாட்டம். எந்த முதியோர் இல்லத்தில் இது கிடைக்கும்?

கணக்கு உதைத்த இடம் இதுதான். 2007 ஜூனில் அந்தக் கப்பலை 10 கோடி டாலருக்குத் துபாய்க்கு விற்பதாக அறிவித்தார்கள். 2008 நவம்பரில் கடைசிப் பயணம். முல்லருக்கு அப்போது 89 வயது. எட்டு வருஷம் மாதம் தவறாமல் பணம் கட்டியவரிடம் கையில் என்ன இருக்கிறது? பட்டா கிடையாது, குத்தகை கிடையாது, வாடகைதாரருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கிடையாது. அவர் பயணி, அவ்வளவுதான். பயணச்சீட்டு எந்தத் துறைமுகம் வரையோ அந்தத் துறைமுகம் வரைதான் வீடு.

ஒரு சொகுசுக் கப்பலின் ஆயுளை நிறுவனங்கள் பொதுவாக முப்பது வருஷம் என்று வைத்துத் தேய்மானம் எழுதுகின்றன. கணக்குப் புத்தகத்தில் தேய்ந்து முடிந்ததும் விற்பார்கள், அல்லது உடைப்பார்கள். அறுபது வயதில் குடியேறுகிறவர் புதுக் கப்பலாகப் பார்த்து ஏறுவது நல்லது!

2020 மார்ச்சில் உலகத்துச் சொகுசுக் கப்பல்கள் எல்லாம் நின்றன. சல்செடோ சுமார் 15 மாதம் கரையில் இருந்தார். ஆடும் தரையில். 2021-ல் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஏறிவிட்டார். ஆனால் எல்லாக் கப்பலும் திரும்பி வரவில்லை. 1988-ல் எல்லோரும் வாய் பிளந்து பார்த்த அந்த சாவரின், கை மாறி, 2020 ஜூலையில் துருக்கியின் அலியாகா கடற்கரையில் உடைப்பதற்காக ஏற்றப்பட்டது. குவீன் எலிசபெத் 2-க்குக் கொஞ்சம் நல்ல விதி. 2018-ல் துபாயில் ஹோட்டலாகத் திறந்தார்கள். அறை எடுத்துத் தங்கலாம், ஆனால் நகராது.

ராயல் கரீபியனின் இன்னொரு பழைய கப்பல், 1990-ல் கட்டிய எம்ப்ரஸ், 2020 கடைசியில் இந்தியாவுக்கு விற்கப்பட்டது. கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸாக 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது அதுதான். அடுத்த வருஷம் காங்கேசன்துறைக்கும் போனது. முப்பது வருஷத்துக்கு முன் அந்தக் கப்பலில் தேனிலவு போன அமெரிக்கத் தம்பதி யாராவது இருந்தால், அவர்களுடைய புள்ளிகள் பழைய நிறுவனத்தின் கணக்கில் பத்திரமாக இருக்கும். அவர்கள் நடனமாடிய தளத்தில் நம்மூர்க் குடும்பங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தன.