விளக்கைத் தாழ்த்துவோம்

இருளில் வழி காட்டுவது விளக்கு. அதே விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்து, அவருடைய வழியை மறைக்கவும் கூடும். இதை எங்களுக்குக் கற்பித்தது எங்கள் வீட்டுப் பழைய ஜீப்.

தாண்டிக்குடி மலையிலிருந்து வாழைக்காயும் காப்பிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் எங்கள் அப்பா வத்தலக்குண்டுக்கு இறங்குவார். வழியெல்லாம் வளைவுகள், மார்கழியில் பனிமூட்டம் வேறு. உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, அந்த ஜீப்பை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவர் அவரே. முன்பு அதை வைத்திருந்தவர்கள், காலால் மிதிக்கும் டிம் சுவிட்சைக் கழற்றிவிட்டு டாஷ்போர்டில் கைச் சுவிட்சு ஒன்றைப் பொருத்தியிருந்தனர். வளைவில் வலக்கை ஸ்டியரிங்கில் இருக்கும். இடக்கை கியரில் இருக்கும். விளக்கைத் தாழ்த்த மூன்றாவது கைக்கு எங்கே போவது?

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், இருசக்கர வண்டியில் எதிரே வந்த பெரியவர் ஒருவர் அந்த வெளிச்சத்தில் கண் கூசி, சாலையோரக் கட்டைச்சுவரில் மோதி நின்றார். சுவருக்கு அப்பால் பெரும் பள்ளம். நல்லவேளையாக முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. வீடு திரும்பிய அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "இந்தச் சனிக்கிழமையே கால் சுவிட்சு வைத்துவிட வேண்டும். நீங்களும் கூட வாருங்கள் அம்மா" என்றார். அக்காள் தங்கை இருவரும் உதவிக்கு நின்றோம்.

முதலில் பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றினோம். கைச் சுவிட்சிலிருந்த மூன்று ஒயர்களிலும், எது எங்கே போகிறது என்று எழுதிச் சீட்டுக் கட்டினோம். ஒன்று மின்சாரம் வரும் ஒயர். மற்ற இரண்டில் ஒன்று மேல்நோக்கும் ஒளிக்கும், மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கும் போகின்றன. பல்பு ஒன்றானாலும் அதனுள் இழைகள் இரண்டு. சுவிட்சை ஒருமுறை மிதித்தால் ஓர் இழை அணைந்து மற்றது எரியும். மறுபடி மிதித்தால் முந்தையது எரியும்.

ஒயரை நீட்ட வேண்டியிருந்தது. எவ்வளவு தடிப்பான ஒயர் வேண்டும்? வகுப்பில் படித்த மின்திறன் கணக்கு கைகொடுத்தது. 60 வாட் வீதம் இரண்டு பல்புகளுக்கு 120 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். மெல்லிய ஒயர் இதற்குச் சூடாகிவிடும் என்று தடித்த ஒயரையே அப்பா வாங்கினார். கிளட்ச் பெடலுக்கு இடப்புறம், தகரத்தால் மூடிக் கிடந்த பழைய துளையைத் திறந்து, துருவைச் சுரண்டிப் பெயின்ட் பூசினோம். பெயின்ட் காய்ந்தபின் சுவிட்சை இரண்டு போல்ட்டுகளால் இறுக்கினார் அப்பா. தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்துவிடாமல் துளையில் ரப்பர் வளையம் போட்டோம்.

அமெரிக்கக் கார்களில் 1927-ஆம் ஆண்டில் வந்த ஏற்பாடு இது. இன்றைய கார்களில் ஸ்டியரிங்கை விடாமலே விரலால் தள்ளும் சுவிட்சு வந்துவிட்டது. கருவி மாறினாலும் கடமை மாறவில்லை. முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசச் செய்யலாகாது என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அன்றிரவு அப்பா எங்களையே ஜீப்பின் முன் எட்டு மீட்டர் அளந்து நிற்க வைத்தார். மேல் ஒளியில் எங்களுக்கு ஜீப்பே தெரியவில்லை. அவர் காலால் ஒரு தட்டுத் தட்டியதும் அப்பாவின் முகம் தெரிந்தது.

தோழியரே, இரவில் பெற்றோருடன் வண்டியில் செல்லும்போது எதிரே வெளிச்சம் கண்டால், "டிம் போடுங்கள்" என்று அன்போடு நினைவூட்டுங்கள். நம் வெளிச்சம் சற்றே தாழ்ந்தால், எதிரே வருபவரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.